சிலுப்பாத கிடா

உட்காருங்க தம்பி. அந்த மெத்தைச் சுருட்டின் மேலேயே உட்காரலாம், ஒன்றும் ஆகாது. கட்டில், நாற்காலி எல்லாம் வண்டியில் ஏறிவிட்டது. உங்க வீட்டம்மா உள்ளே நிதானமாகப் பார்க்கட்டும். வீடு பார்ப்பதற்குப் பெண்கள் கண்தான் சரி. நாமெல்லாம் விட்டத்தைப் பார்ப்போம், சுவரைத் தட்டுவோம், நல்ல வீடுதான் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவோம்.

நல்ல வீடுதான். பதினோரு வருஷம் இருந்தவன் சொல்கிறேன். வாசல் கதவு மழைக்காலத்தில் கொஞ்சம் பிடிக்கும், தூக்கித் தள்ள வேண்டும். அடுப்படியில் புகை தங்காது. இந்த அறையில் வெயிலே விழாது. பகலில் தூங்குகிறவனுக்கு இதைவிட நல்ல இடம் ஊரில் கிடைக்காது. நான் மில்லில் மூணாம் ஷிப்டு. இருபத்தாறு வருஷமாக அதே மூணாம் ஷிப்டுதான். ஊர் எழுந்து பல் தேய்க்கும்போது நான் வந்து படுப்பேன்.

ஒரு விஷயம் இருக்கிறது தம்பி. சொல்லக் கூடாது என்று வீட்டுக்காரர் ஜெகநாதன் சொல்லியிருக்கிறார். "தவசி, வீடு பாக்க வர்றவங்ககிட்ட நீங்க வாயைத் தொறக்கக் கூடாது. தொறந்தீங்க, மரியாதை கெட்டுரும்" என்றார். சொல்லாமல் போக எனக்கு மனசு வரவில்லை. அதனால் இதுவரைக்கும் இரண்டு பேரிடம் சொன்னேன். இரண்டு பேரும் போய்விட்டார்கள். ஒருத்தர் கையில் திசைகாட்டி வைத்துக்கொண்டு மூலை மூலையாகப் பார்த்தவர். நான் சொல்லி முடிப்பதற்குள் செருப்பை மாட்டிவிட்டார். இன்னொருத்தர் வாத்தியார். "தொத்து வியாதியா?" என்று மூன்று தடவை கேட்டார். வயசு என்றேன். "வயசு தொத்தாதுங்க சார்" என்றேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை.

கொல்லையில் துவைக்கிற கல் ஒன்று கிடக்கிறதே, பார்த்தீங்களா? அதற்கடியில் ஒரு கிடா இருக்கிறது. ஆட்டுக்கிடா. நான்தான் குழி தோண்டிப் புதைத்தேன். நாற்பது நாள் ஆகிறது. கல்லைப் போட்டு மூடினது ஜெகநாதன்.

எழுந்திருக்காதீங்க. முழுசாகக் கேட்டுவிட்டு அப்புறம் எழுந்து போங்க.

விஷயம் இவ்வளவுதான். இன்றைக்குச் சாயங்காலம் நான் சாவியைக் கொடுக்க வேண்டும். யாராவது வீட்டை எடுத்துக்கொண்டால் ஜெகநாதன் கொல்லையில் கை வைக்க மாட்டார். எடுக்காவிட்டால், அது கிடக்கிற வரைக்கும் வீட்டுக்கு ஆள் வராது என்று நாளைக் காலையில் ஆளை விட்டுத் தோண்டி, உள்ளே இருப்பதைக் குப்பை வண்டியில் போட்டு அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் செப்டிக் டேங்க் கட்டப் போகிறார். செங்கல் வந்து இறங்கியாச்சு, வாசலில் பார்த்திருப்பீங்க. நீங்கள் மூன்றாவது ஆள். கடைசி ஆளும் நீங்கள்தான்.

எனக்கு அது மேல் பாசம், அதனால் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஆட்டு மேல் என்ன பாசம்? அது நேர்ந்துவிட்ட கிடா. சாமிக்கு உரியது. சாமிப் பொருள் குப்பை வண்டியில் போகக் கூடாது. அவ்வளவுதான் என் கவலை.

என் மகள் வினோதினிக்கு அப்போது பத்து வயசு. காய்ச்சல் கண்டு மதுரைக்குக் கொண்டுபோய்ப் பதினோரு நாள். ஏழாம் நாள் டாக்டர் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டு நர்சிடம் மட்டும் பேச ஆரம்பித்தார். அப்போது என் வீட்டுக்காரி அன்னமயில் ஆஸ்பத்திரி மாடிப்படியில் நின்றுகொண்டு, எங்கள் குலசாமி வனப்பேச்சிக்கு நேர்ந்தாள். "எம்புள்ளையக் குடு ஆத்தா, ஒனக்கு ஒரு உசுரத் தாரேன்" என்றாள். பிள்ளை பிழைத்தாள். ஊருக்கு வந்த கையோடு இரண்டு மாசக் குட்டி ஒன்றைக் கொண்டுவந்து, காதில் அடையாளத்துக்குக் கீறி, கழுத்தில் மஞ்சள் துணி கட்டி, கொல்லையில் விட்டாள். மண்டையில் மட்டும் வெள்ளை. மற்றதெல்லாம் கறுப்பு. சாமிக்குக் கறுப்புதான் ஆகும். மண்டை வெள்ளையைப் பற்றிக் கேட்டதற்கு, "அது கெடக்கட்டும், ஆத்தா பாத்துக்கிடுவா" என்றாள்.

அன்றைக்கிருந்தே தெரியும், ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ. மாசியில் எங்கள் குலசாமிக்குக் களரித் திருவிழா, அதில் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டியது. அதனால் நான் அதோடு ஒட்டவே இல்லை. அதுதான் ஒட்டியது. காலையில் மில்லிலிருந்து வருவேன். தலை, சட்டை, காது மடல் எல்லாம் பஞ்சு அப்பிக் கிடக்கும். உள்ளே வந்து உட்கார்ந்ததும் அது முன்னங்காலை என் தொடையில் வைத்து ஏறி, அந்தப் பஞ்சை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்னும். காதுக்குள்ளே மூக்கை விட்டு எடுக்கும். இருபது நிமிஷம் ஆகும். நான் சும்மா உட்கார்ந்திருப்பேன். தட்டிவிட்டாலும் போகாதே, என்ன செய்ய?

அன்னமயில் தையல் கடைக்குப் போய்விடுவாள், பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடும். பகல் முழுக்க வீட்டில் நானும் அதுவும். நான் கட்டிலில், அது கட்டிலுக்கடியில். யாராவது கதவைத் தட்டினால் எழுந்து போய் உள்பக்கமிருந்து கதவை ஒரு முட்டு முட்டும். வந்தவன் ஓடிவிடுவான். தபால்காரர் எத்தனை தடவை சண்டைக்கு வந்தார் தெரியுமா? "மணியார்டர் வந்தா மாட்டு டாக்டர்கிட்டக் குடுத்துருவேன், அங்க வந்து வாங்கிக்க" என்பார். நல்ல மனுஷன்.

களரிக் கதை சொல்ல வேண்டும். முதல் வருஷம் கொம்பே முளைக்கவில்லை, கொண்டுபோகவில்லை. இரண்டாம் வருஷம் பங்காளி வீட்டில் ஒரு சாவு, தீட்டு. மூன்றாம் வருஷம்தான் கொண்டுபோனோம்.

உங்கள் பக்கத்தில் எப்படியோ, எங்களுக்கு ஒரு முறை இருக்கிறது. கிடாவைக் கோயில் முன்னால் நிறுத்தி மஞ்சள் தண்ணீர் ஊற்ற வேண்டும். அது உடம்பைச் சிலுப்ப வேண்டும். தண்ணீர் பட்டதும் ஆடு ஒரு உதறு உதறுமே, அது. சிலுப்பினால் ஆத்தா உத்தரவு கொடுத்துவிட்டாள், வெட்டலாம். மூன்று செம்பு ஊற்றியும் சிலுப்பவில்லை என்றால் ஆத்தாவுக்குச் சம்மதமில்லை, திரும்பக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். எங்கள் பூசாரி குருவையா இதில் ரொம்பக் கண்டிப்பு. நாலாவது செம்பு ஊற்ற மாட்டார்.

ஊற்றினார். மேளம் அடிக்கிறது, பங்காளி எல்லாரும் சுற்றி நிற்கிறார்கள். முதல் செம்பு. அது அப்படியே நிற்கிறது. இரண்டாவது. எதையோ மென்றுகொண்டிருக்கிறது. மூன்றாவது செம்பை நடுமுதுகில் ஊற்றினார். திரும்பி என்னைப் பார்த்தது, அவ்வளவுதான்.

"என்னடா தவசி, கெடாவுக்கும் நைட் ஷிப்டு போட்டுட்டியா? நின்னுக்கிட்டே தூங்குது" என்று என் பெரியப்பா மகன் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். குருவையா செம்பைக் கவிழ்த்துவிட்டார். சாமி சொன்ன பிறகு நாம் என்ன பேசுவது? கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம்.

அதில் ஒன்று நடந்திருந்தது. அந்த மாசம் அதற்கு உண்ணி பிடித்திருந்தது. நான் எட்டாவதோடு நின்றவன் தம்பி. மற்றதெல்லாம் நானாகப் படித்தது. நூலகத்தில் ஆடு வளர்ப்புப் புத்தகம் எடுத்து, மில்லில் டீ நேரத்தில் வைத்து முழுசாகப் படித்து முடித்தேன். உண்ணிக்கு வேப்பெண்ணெய் தடவ வேண்டும் என்று போட்டிருந்தது. களரிக்கு முந்தின நாள் கழுத்திலிருந்து வால் வரைக்கும் நன்றாகத் தேய்த்து விட்டிருந்தேன். எண்ணெய் பட்ட முடியில் தண்ணீர் நிற்காது, உருண்டு ஓடிவிடும், ஆட்டுக்கு ஈரமே தெரியாது. அதை நான் அப்போது யோசிக்கவில்லை.

அடுத்த வருஷமும் தடவினேன். ஏன் என்றால், போன தடவை எப்படிக் கொண்டுபோனோமோ அப்படியேதான் கொண்டுபோக வேண்டும். சாமி காரியத்தில் நாமாக ஒன்றைக் கூட்டக் குறைக்கக் கூடாது. அதனால் தடவினேன். கொஞ்சம் கூடுதலாகவே தடவினேன். காது மடல், வயிற்றுக்கடி எல்லாம்.

சிரிக்கிறீங்க. நீங்க நினைக்கிற மாதிரி இல்லை. உண்ணிக்குத்தான். உண்ணி திரும்ப வராது என்று என்ன நிச்சயம்?

அந்த வருஷமும் சிலுப்பவில்லை. அதற்கடுத்த வருஷம் கொரோனா, களரியே இல்லை.

அதற்கும் அடுத்த வருஷம் நடந்ததுதான் அதிசயம். கேளுங்க. மில்லில் பாதி ஆள் வரவில்லை. என்னைத் தொடர்ந்து இரண்டு ஷிப்டு நிற்க வைத்துவிட்டார்கள். வீட்டுக்கே வர முடியவில்லை. நீங்க கிடாவைக் கூட்டிக்கொண்டு வேனில் போங்க, நான் மில்லிலிருந்து பஸ் பிடித்துக் கோயிலுக்கு வருகிறேன் என்று போனில் சொல்லிவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. எண்ணெய் தடவவில்லை. தடவ ஆளில்லை. அன்னமயிலிடம் சொல்ல முடியுமா? நேர்ந்தவளே அவள். நாள் கிழமை தவறினாலே தலையில் அடித்துக்கொள்கிறவள். இந்தத் தடவை முடிந்தது என்று நினைத்தேன். மலையடிவாரத்தில் இறங்கி அந்த ஒற்றையடிப் பாதையில் நடக்கும்போது கால் எழவில்லை. இரண்டு ஷிப்டு நின்ற கால், அப்படித்தானே இருக்கும்?

நான் போகும்போது குருவையா மூன்றாவது செம்பை ஊற்றிக்கொண்டிருந்தார். கிடா அசையவில்லை. ஒரு முடி அசையவில்லை தம்பி!

ஓடிப்போய் அதன் கழுத்தைப் பிடித்தேன், கூட்டத்தில் மிரண்டுவிடக் கூடாது என்று. கையெல்லாம் வழவழவென்று வேப்பெண்ணெய். வாடை மூக்கில் ஏறுகிறது. நான் எண்ணெய் போட்டு ஒரு மாசத்துக்கு மேல் ஆகிறது, அதுவும் காதுப் புண்ணுக்கு இரண்டு சொட்டு. அது அத்தனையாக ஊறி நிற்கிறது என்றால் அது ஆத்தா செயல் இல்லாமல் வேறு என்ன? அந்தக் கையோடு ஆத்தாவைக் கும்பிட்டேன். அன்னமயிலைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கிடாவையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அசையாத தேர்ச்சக்கரம் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சாமியைப் பார்த்து நிற்கிறாள். நேர்ச்சை கழியவில்லையே என்று கோபம்.

அந்தக் கோபத்தில் அன்றைக்குப் பந்தியில் என்ன செய்தாள் தெரியுமா? மற்றவர்கள் வெட்டின கிடாக்கறிச் சோறு. இலையில் போட்டால் பிசைந்துதானே சாப்பிட வேண்டும்? கையால் தொட மாட்டேன் என்று கரண்டி கேட்டு வாங்கிக் கரண்டியால் சாப்பிட்டாள். "மதுரை ஆஸ்பத்திரியில பதினோரு நாள் இருந்துட்டு வந்ததுல அண்ணிக்கு டாக்டரம்மா பழக்கம் வந்துருச்சு" என்று பங்காளி வீட்டுப் பெண்கள் கிண்டல் பண்ணினார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வேனில் வரும்போது கேட்டேன், "ஏன்டி மானத்தை வாங்குற?" என்று. "கை கசந்துச்சு" என்றாள். கை எப்படித் தம்பி கசக்கும்? வாய்தானே கசக்கும்? அப்படித்தான், கோபம் வந்தால் முன்னுக்குப் பின் பேசுவாள்.

குருவையா அன்றைக்கே சொல்லிவிட்டார். "மூணு தடவ ஆயிருச்சு. இது ஆத்தாவுக்கு வேண்டாத கெடா. இத வித்துட்டு வேற ஒண்ணு கொண்டாங்க." நியாயமான பேச்சு. அன்னமயில் விட்டாளா? "நேந்தது இதத்தான் சாமி. குடுத்தா இதத்தான் குடுப்பேன். ஆத்தா கேக்குற வரைக்கும் எங்க வீட்டுலயே கெடக்கட்டும்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். அவள் பிடிவாதம் ஊருக்கே தெரியும். இதைத்தான் வெட்டுவேன் என்று அப்படி ஒரு பிடிவாதம். எனக்கே கொஞ்சம் வருத்தமாக இருந்தது, இவ்வளவு கல்நெஞ்சு வேண்டாமே என்று.

அடுத்த வருஷம் களரி அன்றைக்கென்று அவளுக்குக் கால் வலி வந்துவிட்டது. எழுந்திருக்க முடியவில்லை. மறுநாள் சரியாகிவிட்டது. அதற்கடுத்த வருஷம் பிள்ளைக்குப் பரீட்சை. அப்படியே போய்விட்டது. ஒன்பது வருஷம். ஒரு நேர்ந்த கிடா ஒன்பது வருஷம் ஒரு வீட்டில் இருந்தது என்று நீங்கள் எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீங்களா?

நாற்பது நாளைக்கு முன்னால், செவ்வாய்க்கிழமை. மில்லிலிருந்து வந்து உட்கார்ந்தேன். அது வரவில்லை. சட்டையில் பஞ்சோடு உட்கார்ந்தே இருக்கிறேன், வரவில்லை. கொல்லையில் போய்ப் பார்த்தால் நான்கு காலையும் ஒரு பக்கமாக நீட்டிக் கிடக்கிறது. வயிறு கல் மாதிரி. அரசாங்க மாட்டு டாக்டரைக் கூப்பிட்டு வந்தேன். நீர் இறங்கவில்லை என்றார். நான் புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன், கிடாவுக்குக் கல் அடைக்கும், இந்த மருந்து கொடுக்கலாமே என்று. அவர் பொறுமையாகக் கேட்டார். "அண்ணே, நீங்க படிச்சது சரிதான். அது மூணு வயசு ஆட்டுக்கு. இதுக்கு வயசாயிருச்சு. தொந்தரவு பண்ணாம விட்டுருங்க" என்றார்.

அன்னமயில் தையல் கடைக்குப் போகவில்லை. வினோதினி இப்போது மதுரையில் நர்சிங் படிக்கிறாள். வகுப்பில் இருந்தவளை வெளியே வரச் சொல்லி, போனைக் கிடாவின் காதில் வைத்தாள் இவள். பிள்ளை என்ன பேசினாளோ, நான்கு நிமிஷம் பேசினாள். கீறின காது, அந்தக் காது மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. ஆட்டுக்கு என்ன புரியும் என்கிறேன். இவள் போனைத் திரும்ப எடுத்து, "கேட்டுருச்சு, வைய்யி" என்றாள்.

மூன்று மணி வாக்கில் போய்விட்டது.

அதற்கப்புறம்தான் ஆளாளுக்கு யோசனை. கறிக்கடைக்காரர் தோலையாவது கொடுங்கள் என்று வந்தார். அன்னமயில் விளக்கமாற்றை எடுத்துவிட்டாள். என் மச்சான், அவள் அண்ணன், போனில் சத்தம் போடுகிறார். "நேர்ச்சை கழிக்காம வீட்டுல செத்துருக்கு, தோஷம். ஆத்துல கொண்டு போயிப் போட்டுட்டு, இந்தக் களரிக்குள்ள வேற கெடா வாங்கி வெட்டுங்க. புள்ள தலையில வந்து விடியப் போகுது." இவள் போனை வாங்கினாள். "எம்புள்ளைக்கு ஒண்ணும் வராதுண்ணே. உசுரு தாரேன்னுதான் சொன்னேன். ஒம்பது வருஷம் ஒரு உசுர வளத்துருக்கேன். ஆத்தாவுக்குக் கணக்குத் தெரியும்" என்று சொல்லி வைத்துவிட்டாள். பயந்துபோனவர்கள் அப்படித்தான் தம்பி, வீம்பாகப் பேசுவார்கள்.

கொல்லையில் புதைப்பது என்று நான்தான் முடிவு செய்தேன். நான் முடிவு செய்வதற்குள் அவள் கடப்பாரையைக் கொண்டுவந்து வைத்துவிட்டாள், அது வேறு. மண் என்ன மண் என்கிறீங்க! ஒரு முழத்துக்கு மேல் சரளைப் பாறை. நான் குத்தக் குத்த அவள் சாந்துச் சட்டியில் அள்ளிக் கொட்டினாள். இரண்டு மணி நேரம். இடுப்பளவு வந்ததும் போதும் என்றேன். "நாய் தோண்டும், இன்னும் போங்க" என்றாள்.

கீழே உப்பு, அதற்கு மேல் வேப்பிலை. தூக்கி வைக்கப் போகும்போது, இருங்க என்று உள்ளே போனாள். இருபத்தைந்து வருஷச் சர்வீசுக்கு மில்லில் எனக்கு ஒரு கம்பளி கொடுத்தார்கள். மேடைக்குக் கூப்பிட்டுக் கொடுத்தது. பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல் பீரோ மேல் வைத்திருந்தேன். அதைக் கொண்டுவந்து பல்லால் கடித்து உறையைக் கிழிக்கிறாள். "அது எனக்குக் குடுத்ததுடி" என்றேன். "நீங்க பகல்ல தூங்குனப்போ காவலுக்கு இருந்தது யாரு? அதுக்கும் அந்தச் சர்வீசுல பங்கு இருக்கு" என்றாள். சுற்றினாள். முகத்தை மட்டும் மூடவில்லை. கடைசியில் மூடினாள்.

என்ன சொல்வது? போய் வா என்றா சொல்வது? மண்ணைத் தள்ளினேன். குளித்தேன். ஷிப்டுக்குப் போய்விட்டேன். அன்றைக்கு என் பக்கத்து மெஷினில் இழை அறுந்துகொண்டே இருந்தது. ஒன்றைச் சேர்த்தால் இன்னொன்று அறும். பஞ்சு சரியில்லை போலிருக்கிறது.

இந்த நாற்பது நாளும் எனக்குப் பகல் தூக்கம் போய்விட்டது. இந்த அறையில் வெயில் ரொம்ப அடிக்கிறது. முன்னால் இப்படி இல்லை. படுத்தால் கதவுப் பக்கம் ஒரு சத்தம் கேட்ட மாதிரி இருக்கும், எழுந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. எழுந்துவிட்டால் அப்புறம் எங்கே படுப்பது? பஞ்சுச் சட்டையோடு அப்படியே உட்கார்ந்திருப்பேன். அன்னமயில் வந்து, "இன்னுமா சட்டையக் கழட்டல?" என்பாள்.

அவள் இந்த வீட்டில் இருக்க மாட்டேன் என்று ஒரே பிடி. அதனால்தான் காலி செய்கிறோம். தோஷத்துக்குப் பயந்துவிட்டாள். கொல்லைப் பக்கமே போவதில்லை. துணி துவைக்கப் பக்கத்து வீட்டுக்குப் போகிறாள். மறதி வேறு வந்துவிட்டது. சந்தைக்குப் போனால் இன்னும் அகத்திக்கீரைக் கட்டு இரண்டு வாங்கிக்கொண்டு வருகிறாள். வாசல் வரைக்கும் வந்த பிறகு, கையில் இருப்பதைப் பார்த்துவிட்டு, எதிர் வீட்டுப் பசுவுக்குக் கொண்டுபோய்ப் போடுகிறாள். ஒரு தடவை என்றால் சரி. வாராவாரம் மறதியா? டாக்டரிடம் காட்ட வேண்டும். புது வீட்டுக்குப் போனதும் காட்ட வேண்டும்.

அதனால் தம்பி, நான் கேட்பது பெரிசாக ஒன்றும் இல்லை. வீட்டை எடுத்துக்கோங்க. அந்த மூலையில் வாழை வைக்கிறேன், முருங்கை வைக்கிறேன் என்று கடப்பாரை போடாதீங்க. நாறாது, ஆழமாகத்தான் இருக்கிறது. தோஷம் கீஷம் எல்லாம் எங்களோடு போய்விடும். உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் சொல்லிவிடுங்க. கோபித்துக்கொள்ள மாட்டேன். இப்போதே சொல்லிவிட்டால், ஜெகநாதன் ஆள் வருவதற்கு முன்னால் நான் ஏதாவது... என்ன செய்வேன் என்று தெரியவில்லை. ஏதாவது செய்ய வேண்டும்.

வீட்டம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்கிறீங்க. அதுவும் சரிதான். கேளுங்க.

அட, இவள் ஏன் வண்டியிலிருந்து இறங்கி வருகிறாள்? அன்னமயிலு, முடிஞ்சிருச்சு, இதோ வந்துட்டேன். நீ இரு. பார்த்தீங்களா, காதிலேயே வாங்காமல் போகிறாள். உள்ளேதான் போகிறாள். எங்கே, கொல்லைக்கா? நாற்பது நாளாக அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவள்! உங்க வீட்டம்மா அங்கேதான் நிற்கிறார்கள் போல. கொஞ்சம் நகர்ந்து உட்காருங்க, இங்கிருந்து தெரியும்.

பேசிக்கொள்கிறார்கள். என்ன சொல்கிறாள் என்று கேட்கவில்லை. இடுப்பு உயரத்துக்குக் கையை வைத்துக் காட்டுகிறாள். தொட்டியில் தண்ணீர் அந்த அளவுக்கு நிற்கும் என்கிறாள். அதென்ன, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் இன்னொரு கையால் நீவி நீவிக் காட்டுகிறாள்? ஓ, இந்த ஊர் உப்புத் தண்ணீர், தோல் வறண்டுபோகும், எண்ணெய் தேய்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக்கொடுக்கிறாள். இருக்கும். பெண்களுக்கு இதெல்லாம் முக்கியம்.

சிரிக்கிறாள் தம்பி. அங்கே நின்றுகொண்டு சிரிக்கிறாள். உங்க வீட்டம்மா அவள் கையைப் பிடித்திருக்கிறார்கள். தண்ணீரைப் பற்றிப் பேசும்போது இப்படியா சிரிப்பார்கள்?

வாங்கம்மா. பார்த்தாச்சா? என்னது? எடுத்துக்கிறீங்களா? இந்த மாசமே வர்றீங்களா? அந்த மூலையில... என்னம்மா சொன்னீங்க? அந்த மூலையை யாரும் தொட மாட்டோம், பயப்படாமப் போங்கண்ணேங்கிறீங்களா?

தம்பி, பார்த்தீங்களா, நான் இங்கே உட்கார்ந்து உங்ககிட்டே பேசினது அங்கே கொல்லை வரைக்கும் கேட்டிருக்கிறது. மில்லில் அத்தனை மெஷின் சத்தத்துக்கு நடுவில் பேசிப் பேசி, என் தொண்டை அப்படி ஆகிவிட்டது. இவளுக்குத்தான் இருபத்தாறு வருஷமாக நான் சொல்வது ஒன்றும் கேட்பதில்லை.

அன்னமயிலு, வா, கிளம்புவோம். என்ன, இன்னும் கொஞ்ச நேரம் அங்கே நிக்கணுமா? சரி, நில்லு. மெதுவா வா. வண்டிக்காரர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்.